கல்செடியும் தாம்பரத்து ராத்திரியும்

மொத்தம் பதினொரு செடிகளைக் கொன்றிருக்கிறேன். பத்து என்று எழுதினால் வீட்டில் திருத்துவார்கள், அதனால் சரியான கணக்கையே சொல்லிவிடுகிறேன். பதினொன்றும் லித்தாப்ஸ். பார்க்கக் கூழாங்கல் மாதிரியே இருக்கும், நடுவில் ஒரு பிளவு, வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பிளவுக்குள்ளிருந்து சாமந்தி போல ஒரு பூ எட்டிப் பார்க்கும். சக்குலன்ட் என்கிற சதைப்பற்றுச் செடிகளை வளர்க்கிறவர்கள் நடுவில் இது ஒரு பித்து. நம் ஆட்கள் கல்செடி என்கிறார்கள், எனக்கு அந்தப் பெயரே போதும்.

அதற்கு முந்தைய கூத்து ஒன்றும் உண்டு. நீலம், ஊதா, ரோஸ் என்று ஜவ்வுமிட்டாய்க் கலரில் படம் போட்டு இணையத்தில் விற்ற ஒரு புண்ணியவானிடம் நூறு விதை வாங்கினேன். நீலக் கலரில் லித்தாப்ஸ் என்று உலகத்திலேயே கிடையாது என்பது அப்போது தெரியாது. முளைத்தது புல். நல்ல செழிப்பான புல், அதைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் உண்மையான செடிகளாகத் தேடி வாங்கினேன். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் மொட்டைமாடி, காலையிலிருந்து நல்ல வெயில், பாலைவனச் செடிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன். ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒருநாள் காலையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் ஜவ்வரிசிக் கஞ்சி போல விரலோடு வந்துவிட்டது. வெயில் அதிகமோ என்று நிழல்வலை கட்டினேன், நிழலில் செத்தது. தண்ணீர் அதிகமோ என்று பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் ஊற்றினேன், ஒரு ஸ்பூனுக்கும் செத்தது. பிறகு விட்டுவிட்டேன். தொட்டிகள் மட்டும் மாடியில் ஒரு ஓரமாகக் கிடந்தன.

எனக்குத் தொழில் பம்ப். சுரங்கங்களில் தண்ணீரும் சேறும் இறைக்கிற பெரிய பம்புகளைக் கழற்றி மாட்டுகிற வேலை. 2023 பிப்ரவரியில் அந்த வேலைக்காக ஆறு மாதம் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலைக்கு, புஷ்மன்லாந்து என்கிற வறண்ட சமவெளிக்குப் போக வேண்டி வந்தது. லித்தாப்ஸின் பிறந்த ஊரே அந்தப் பக்கம்தான் என்பது விமானத்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. கொலைகாரன் செத்தவன் வீட்டுக்கே விருந்துக்குப் போகிற மாதிரி.

ஸ்பிரிங்பாக் என்ற ஊரிலிருந்து கிழக்கே என்14 சாலையில் போனால் நிலம் மெதுவாகத் தட்டையாகிக்கொண்டே வரும். மரம் கிடையாது. தந்திக் கம்பங்களின் மேல் வைக்கோல்போரைத் தூக்கி வைத்தது போலப் பெரிய பெரிய கூடுகள் தெரியும். ஒரு சின்னக் குருவி, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கட்டுகிற அடுக்குமாடிக் குடியிருப்பு அது. கூடு கட்ட மரம் இல்லாததால் கம்பம். இரண்டு மணி நேரத்துக்குள் பொஃபாடர் என்று ஒரு சிற்றூர் வரும். அந்தச் சொல்லுக்கு அங்கே உள்ள ஒரு கொடிய விரியன் பாம்பின் பெயர் என்று அர்த்தம், ஆனால் ஊருக்குப் பெயர் வந்தது பாம்பால் இல்லை, அந்தப் பெயர் கொண்ட ஒரு தலைவரால்.

அந்த வட்டாரத்தில் ஒரு வருஷத்து மழை சுமார் 100 மில்லிமீட்டர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, நாங்கள் முழங்கால் தண்ணீரில் கேஸ் சிலிண்டரைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். அங்கே நாலைந்து வருஷத்துக்குச் சேர்த்துப் பெய்கிற மழை அது. ஏன் இப்படி என்றால், மேற்கே அட்லாண்டிக் கரையை ஒட்டி தெற்கிலிருந்து பெங்குவேலா என்கிற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. கடல் குளிர்ந்திருப்பதால் அதன்மேல் இருக்கிற காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துவிடும், மேலே எழும்பி மேகம் கட்டாது, கரையோரம் மூடுபனியோடு சரி. கேப் டவுன் பக்கமிருந்து குளிர்காலத்தில் வருகிற மழை வடக்கே ஏறி வர வரச் சுண்டிப்போகும். கிழக்கிலிருந்து கோடையில் வருகிற இடிமழையும் இங்கே வருவதற்குள் கையைக் காலி பண்ணிவிடும். இரண்டு மழைக்கும் கடைசி வீடு இந்தப் புஷ்மன்லாந்து. நம் ஐந்திணையில் பாலைக்கென்று தனி நிலமே இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுதான் பாலை. மழை வந்தால் பழையபடி ஆகிவிடும். எப்போதுமே இப்படித்தான் என்று இருக்கிற ஒரு நிலம் நம் மனக்கணக்கில் இல்லை. எனக்கும் இல்லை. என் மொட்டைமாடியை நான் பாலைவனம் என்று நம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் பணிமனையில் ஸ்டோர் பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். அங்கே வயதில் மூத்த ஆண்களை 'ஊம்' என்று கூப்பிடுவார்கள், நம்ம ஊர் மாமா மாதிரி. நமக்கு ஊம் என்பது கதை கேட்கிறவன் கொட்டுவது. இவரோ அதிகம் பேசாதவர், சில நாள் அவரிடம் "ஊம்" என்று நான் சொல்வேன், பதிலுக்கு அவரும் "ம்" என்பார், உரையாடல் முடிந்தது. சின்ன வயதில் அப்பாவோடு ஆடு மேய்த்தவர், அந்தப் பக்கத்துக் கல் ஒவ்வொன்றும் தெரியும். என் பதினொரு கொலைகளையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். சிரிக்கவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியில் ஏறு என்றார்.

எங்கே போனோம் என்பதை எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் சொல்கிறேன். பழுப்பு மண்ணுக்கு நடுவில் திடீரென்று ஒரு திட்டு, யாரோ லாரியில் கொண்டுவந்து கல்லுப்பைக் கொட்டிப் பரப்பியது போல வெள்ளை வெளேரென்று படிகக்கற்கள். கண் கூசியது. குனிந்து கை வைத்துப் பார்த்தேன், பக்கத்துப் பழுப்பு மண்ணில் வைக்க முடியாத கையை இங்கே வைக்க முடிந்தது. வெள்ளைக் கல் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நாலு எட்டு நடந்திருப்பேன்.

"காலை எடுக்காதே. முதலில் கீழே பார்" என்றார் ஊம்.

பார்த்தேன். கல். இன்னும் பார்த்தேன். கல்தான். அவர் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி, என் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளித் தெளித்தார். கற்கள் நனைந்து மங்கின, ஒரு கல் மட்டும் நனைந்ததும் கறும்பச்சையாக, ஈரக் கண்ணாடி போல, உள்ளே ஆழம் தெரிகிற மாதிரி மின்னியது. காப்பிக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் அந்தப் பிளவு. ஒன்றைப் பார்த்த பிறகு என்ன ஆகும் என்று வளர்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள், அதுவேதான் ஆயிற்று: பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மூன்று, என் இடது குதிகாலுக்குப் பின்னால் ஒன்று. அப்புறம் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரப் பயமாக இருந்தது. மூன்று மணி சுமாருக்கு, கற்களுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் பூக்கள் விரிந்துகொண்டிருந்தன. செடியைவிடப் பூ பெரிசு. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் மூடிக்கொண்டுவிடும், மறுநாள் மதியம் மறுபடி. லித்தாப்ஸ் ஒலிவேசியா என்பது இதன் முழுப்பெயர். உள்ளூரில் இந்த வகைச் செடிகளுக்கு மாட்டுக்குளம்பு என்று அர்த்தம் வருகிற ஒரு பெயர் உண்டு. ஊர் ஆட்கள் பெயர் வைத்தால் எவ்வளவு சரியாக வைக்கிறார்கள் பாருங்கள், பிளந்த குளம்பேதான்.

மேலே தெரிவது செடியின் மொட்டை மட்டும்தான், உடம்பு மண்ணுக்குள். உடம்பு என்றால் இரண்டே இலை, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கூம்பாக, கீழே ஒரு வேர். தண்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மண்ணுக்குள் இருந்தால் வெயில் எப்படிக் கிடைக்கும்? அதற்குத்தான் அந்தக் கண்ணாடி. மொட்டையில் பச்சையமே இல்லாத ஒரு ஜன்னல் இருக்கிறது. வெளிச்சம் அது வழியாக உள்ளே இறங்கி, தண்ணீர் நிறைந்த திசுவுக்குள் பரவி, உட்சுவரில் பூசியிருக்கிற பச்சையத்தின் மேல் படுகிறது. ஓட்டுவீட்டில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்து வைப்பார்களே, அந்த ஏற்பாடு. மழை இல்லாமல் நீண்டால் செடி சுருங்கி மண்ணுக்குள் இன்னும் இறங்கிவிடும், மேலே மணல் மூடினாலும் மூடட்டும் என்று கிடக்கும்.

இதை முதலில் எழுதிவைத்த வெளியூர்க்காரர் வில்லியம் பர்செல் என்ற ஆங்கிலேயர். 1811 செப்டம்பரில், இங்கிருந்து கிழக்கே ப்ரீஸ்கா என்ற ஊர்ப் பக்கம், விசித்திரமான வடிவத்தில் ஒரு கூழாங்கல் கிடக்கிறதே என்று பொறுக்கியிருக்கிறார், கையில் எடுத்தால் செடி. ஆடுமாடு கண்ணில் படாமல் தப்பிக்கத்தான் இந்த வேஷம் என்று யோசித்து, கல் மாதிரியே இருந்த ஒரு வெட்டுக்கிளியையும் அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அப்போது டார்வின் இரண்டு வயதுக் குழந்தை. லித்தாப்ஸ் என்ற பெயர் வந்ததெல்லாம் 1922இல்தான், என்.இ. பிரவுன் என்பவர் வைத்தது, கிரேக்கத்தில் கல்முகம் என்கிற மாதிரி அர்த்தம். அதன் பிறகு வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் டெஸ்மண்ட் கோல். தாவரவியல் பேராசிரியர் இல்லை, ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மொழிப் பேராசிரியர், செட்ஸ்வானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர். அவரும் மனைவி நோரீனும் பல வருஷம் காடுமேடெல்லாம் சுற்றி, லித்தாப்ஸ் கூட்டம் கூட்டமாக இருக்கிற இடங்களுக்கு ஒவ்வொன்றாக எண் கொடுத்தார்கள். இன்றைக்கும் விதைப் பொட்டலத்தில் அந்த எண்தான் அச்சாகிறது. இலக்கணக்காரர் அல்லவா, வகைப்படுத்தாமல் தூக்கம் வராது.

சரி, என் கொலை வழக்குக்கு வருகிறேன். அன்றைக்கு ஊம் என்னைச் சாயங்காலமே திருப்பி அழைத்துவரவில்லை. ஒரு கம்பளியைக் கொடுத்து, இரு, ராத்திரியைப் பார் என்றார். பகலில் வண்டி வெப்பமானி 34 டிகிரி காட்டியது. சூரியன் இறங்கியதும் யாரோ கதவைத் திறந்துவிட்டது போலச் சூடு மொத்தமும் வெளியேறிற்று. மேகம் இல்லை, ஈரம் இல்லை, பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. விடியற்காலையில் 11. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது: நான் இத்தனை நாள் பகலை மட்டுமே பார்த்திருக்கிறேன். இந்தச் செடி வேலை பார்ப்பது ராத்திரியில்.

மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும். அப்படித் திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகப் போகும். இங்கே அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் பகலெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து, வாங்கின வாயுவை அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்து, மறுநாள் வெயில் வந்ததும் சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சமைக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. இந்த ராத்திரி வேலைக்கான ஒரு பழைய தடயம் நம் பக்கத்து ஆள் கண்டது. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு மதராஸில் கம்பெனிக்குத் தாவரவியலாளராக இருந்தவர், 1819இல் வேப்பேரியில் இறந்தார். ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார் மனுஷன். காலையில் புளிப்பு, மதியம் சப்பென்று, சாயங்காலம் லேசாகக் கசப்பு என்று 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ரணகள்ளி தெரியும்தானே, கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் வைத்திருப்போமே, அந்த இலைதான். பர்செல் கல்லைப் பொறுக்கிய இரண்டு வருஷத்தில் ஹெய்ன் இலையை மென்றிருக்கிறார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, என் மாடியில்தான் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டார்கள்.

இப்போது தாம்பரத்து மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மாடியில் 29, 30 இருக்கும். தலையணை நனைகிற புழுக்கம். கல்செடி பகலெல்லாம் வாயை மூடிக் காத்திருந்து, ராத்திரி வந்ததும் திறக்கலாம் என்றால் குளிரே வரவில்லை. வாங்குவது குறைச்சல், வாங்கியதையும் அந்தச் சூட்டில் மூச்சுவிட்டே தீர்த்துவிடும். கூடவே ஈரக்காற்று, பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அப்படியானால் ரணகள்ளி மட்டும் எப்படி இங்கே வேலியோரமெல்லாம் மண்டுகிறது என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். அதற்கு இலை ஏராளம், குடித்த தண்ணீரைச் செலவு பண்ணப் புது இலை, புதுக் கிளை, குட்டி என்று ஆயிரம் வழி. கல்செடிக்கு இருப்பது இரண்டு இலை. அதற்குத் தண்ணீர் என்பது சேமிப்புக்கணக்கு, கறண்ட் அக்கவுண்ட் கிடையாது. போட்டுக்கொண்டே இருந்தால் வெடிக்கத்தான் செய்யும்.

அந்த இரண்டு இலையையும்கூட வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது. பூ முடிந்த பிறகு, குளிர்காலத்தில், பழைய ஜோடிக்குள்ளேயே ஒரு புது ஜோடி உருவாகும். பிளவு மெல்ல அகலும், உள்ளே புதிய மொட்டை தெரியும். பழையதில் இருக்கிற தண்ணீர் முழுவதையும் புதியது உறிஞ்சிக்கொள்ளும், பழையது காய்ந்து வெங்காயத்தோல் போல ஆகிவிடும். பாம்பு சட்டை உரிப்பது போல என்று சொல்லலாம், ஆனால் பாம்பு தன் சட்டையைக் குடிப்பதில்லை. இந்த மாதங்களில் வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரக்கூடாது. தந்தால் பழைய இலை காயாது, புதியது அதற்குள் மாட்டிக்கொண்டு இரண்டும் அழுகும். என் பதினொன்றில் நாலாவது இப்படித்தான் போயிருக்க வேண்டும், வாடுகிறதே என்று பரிதாபப்பட்டு ஊற்றினேன். ஜூலையில் கிளம்புவதற்கு முன் மறுபடி அந்தத் திட்டுக்குப் போனபோது சில செடிகளில் பிளவு அகலத் தொடங்கியிருந்தது. பழைய இலையில் சுருக்கம் விழுந்து பாட்டியின் புறங்கை போல இருந்தது.

விதைக்காயைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். அனுமதி பெற்று நடக்கிற ஒரு நாற்றங்காலில் காய்ந்த காய் ஒன்று காட்டினார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மரக்கட்டை மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார் அந்த அம்மா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு கதவுகள் மெல்ல மேலே எழும்பி வெளிப்பக்கமாக விரிந்து நட்சத்திரமாயிற்று, நடுவில் பொடி மாதிரி விதைகள். இன்னொரு சொட்டு மேலிருந்து விழுந்ததும் விதைகள் தெறித்தன. செத்துக் காய்ந்த காய்தான் அது, உயிர் இல்லை, ஆனாலும் மழை வந்தால் மட்டும் திறக்கிறது. நனைந்ததைக் காயவைத்தால் கதவுகள் பழையபடி மூடிக்கொள்கின்றன, எஞ்சிய விதை அடுத்த மழைக்கு. மழை 100 மில்லிமீட்டர்தான் என்றால் விதையை ஒரேயடியாகக் கொட்டுவது முட்டாள்தனம் என்று இந்தக் கட்டைக்குத் தெரிந்திருக்கிறது.

இடத்தைச் சொல்லமாட்டேன் என்றேன் அல்லவா. 2019க்கு அப்புறம் அந்தப் பகுதி முழுக்கத் திருட்டு. குறிப்பாக கோனோஃபைட்டம் என்கிற இதன் பங்காளிச் செடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பிடிபட்டவை மட்டுமே லட்சக்கணக்கில். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து செடி வளர்க்கத் தொடங்கிய உலகத்தின் ஆசை அங்கே போய் முடிந்திருக்கிறது. சில வகைகள் ஒரே ஒரு குன்றில், ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு இடத்தில் மட்டும்தான் உண்டு. இரண்டு பேர் ஒரு வார இறுதியில் அந்த இனத்தின் கதையை முடித்துவிடலாம். அனுமதி இல்லாமல் ஒரு செடியைப் பிடுங்கினாலும் அங்கே குற்றம். செடியின் படத்தைப் பின்னணியில் மலை தெரியும்படி போடாதே, போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடு என்று ஊம் சொன்னார். ஸ்மார்ட்போனே வைத்துக்கொள்ளாத மனுஷன், இதை மட்டும் யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். என்னைக் கூட்டிப்போவதற்கு முன் இரண்டு மாதம் ஏன் பேசாமல் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார் என்பது அப்போது புரிந்தது. விலை மலிவாக, கொஞ்சம் அடிபட்ட தோலோடு, வேர் அறுந்து வருகிற பெரிய செடியை வாங்காதீர்கள். விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பன்னிரண்டாவதை வாங்கவில்லை. வாங்கலாமா என்று ஒரு யோசனை வந்தது, படுக்கையறையில் ஏசிக்குக் கீழே வைத்து, ராத்திரி 20 டிகிரி, ஜன்னலோரம் விளக்கு என்று கணக்கெல்லாம் போட்டேன். ஒரு காப்பிக்கொட்டைக்காக ராத்திரி முழுக்க ஏசியா என்று வீட்டில் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்கள். பெங்களூரிலும் ஊட்டியிலும் நண்பர்கள் நன்றாகவே வளர்க்கிறார்கள், ராத்திரி அங்கே குளிர்கிறது. பூத்தால் படம் அனுப்புகிறார்கள். போதும்.

காலித் தொட்டிகளைச் சுத்தம் செய்யலாம் என்று போன ஐப்பசியில் மாடிக்குப் போனேன். ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏழு தொட்டிகளில் நான் போட்ட வெளிநாட்டுக் கல்கலவைக்கு நடுவே சாரணை முளைத்துப் படர்ந்திருந்தது, சதைப்பற்றான வட்ட இலை, சிவந்த தண்டு, ரோஸ் நிறத்தில் இத்துனூண்டு பூ. ஐசோவேசி என்ற குடும்பத்தில்தான் லித்தாப்ஸைச் சேர்த்திருக்கிறார்கள், அதே குடும்பம்தான் நம்ம சாரணையும், ஒருவகையில் சித்தப்பா மகன் முறை. அதை அம்மாவிடம் சொல்லலாம் என்று இறங்கி வந்து ஆரம்பித்தேன். அம்மா முழுக்கக் கேட்கவில்லை, முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மதியம் பாசிப்பருப்புப் போட்டுச் சாரணைக் கூட்டு.